பலவீனம் இடம் மாறுகிறது: மும்பையின் சொந்த டெம்போக்களும் வெளிச்சந்தை உதிரிபாகங்களும்

1. பொருளும் எல்லையும்

ஒரே ஒரு சரக்கு வண்டி. வாங்கியவரே ஓட்டுகிறார். கடன் தவணை, டீசல், ரிப்பேர், அபராதம் எல்லாம் ஒரே சட்டைப் பையிலிருந்து போகின்றன. இக்கட்டுரையின் பொருள் அந்த வண்டிதான். எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் மும்பையில் அதற்குப் பெயர் டெம்போ. 2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் ஏஸ் வண்டியை இறக்கிய பிறகு இந்த வகை பெருகியது. 702 சி.சி. இரட்டைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், 750 கிலோ பாரம். மும்பையில் சோட்டா ஹாத்தி, தமிழ்நாட்டில் குட்டி யானை. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன் வரம்போடு வந்து சேர்ந்தது. மஹிந்திரா பிக்கப் அதற்கு முன்பே களத்தில் இருந்தது.

வண்டிக் கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்காத பாகத்தை இங்கே வெளிச்சந்தைப் பாகம் என்கிறோம். தேய்ந்ததற்குப் பதில் போடுவதும் இல்லாததைச் சேர்ப்பதும் இதில் அடங்கும். முன்னதைப் பராமரிப்பு என்றும் பின்னதை மேம்பாடு என்றும் ஏட்டில் பிரித்து வைக்கலாம். பட்டறையில் அந்தக் கோடு நிற்பதில்லை. உடைந்த கமானிக்கு (லீஃப் ஸ்பிரிங்குக்கு) பிளேட் மாற்ற வந்தவர், "கையோட இன்னொரு பிளேட்டையும் சேர்த்துக் கட்டிடுங்க" என்று சொன்ன மாத்திரத்தில் பராமரிப்பு மேம்பாடாகிவிடுகிறது.

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்ற கேள்வியில் போய் நிற்கும். அது அவசியமான கேள்விதான்; ஆனால் முதல் கேள்வி வேறு. சரக்கு வண்டி என்பது ஒன்றுக்கொன்று அளவு பார்த்துக் கோத்த சங்கிலி. ஒரு கண்ணியைத் தடிமனாக்கினால் இழுவிசை குறைவதில்லை, அடுத்த மெல்லிய கண்ணியைத் தேடிப் போகிறது. ஆகவே எந்தப் பாகத்தைக் கூட்டும்போதும், 'இனி எது முதலில் உடையும், உடைந்தால் வண்டி மட்டும் நிற்குமா, ஆள் போவாரா' என்றே கேட்க வேண்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத்தை வைத்து இதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. களம்

2.1 மூன்று பேட்டை, மூன்று பாரம்

ஒரே மாதிரி வண்டி மூன்று பேட்டைகளில் மூன்று விதமாக உழைக்கிறது. தாராவியின் சரக்கு பெரும்பாலும் இடத்தை அடைக்கும், எடை போடாது: பதின்மூன்றாம் காம்பவுண்டின் பிளாஸ்டிக் கழிவு மூட்டைகள், தைத்து முடித்த துணிக் கட்டுகள், தோல் பைகள். கும்பர்வாடாவின் மண்ணும் பானையும் விதிவிலக்கு. மாட்டுங்காவில் பூக்கூடை, காய்கறி, வாழைத்தார், கல்யாணச் சமையல் அண்டாக்கள். செம்பூர்ப் பக்கம் கதையே வேறு. டிராம்பே, மாஹூல் வட்டாரத்தில் பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலைகளும் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் உர ஆலையும் இருப்பதால் டிரம், இரும்பு, ரசாயன மூட்டை என்று கனத்த சரக்கு அதிகம். 200 லிட்டர் மசகு எண்ணெய் நிரம்பிய ஓர் இரும்பு டிரம் கிட்டத்தட்ட 195 கிலோ. நான்கு டிரம் ஏற்றினால் 780 கிலோ; ஏஸின் வரம்பு அங்கேயே தாண்டிவிட்டது. பார்வைக்கோ வண்டியில் பாதி இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடம்தான் ஓட்டுநரைக் கெடுக்கிறது.

தாராவிக்காரருக்கு வேண்டியது உயரமான பக்கக் கிராதியும் நல்ல தார்பாயும். செம்பூர்க்காரருக்கு வேண்டியது நல்ல பிரேக். நடப்பில் இருவரும் ஒரே பட்டறைக்குப் போய், 'எல்லாரும் போடுகிறார்கள்' என்று ஒரே கூடுதல் பிளேட்டைப் போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள்.

2.2 பாகம் வரும் வழி

இந்த வட்டாரத்தில் பாகத்துக்குப் பஞ்சமில்லாமல் இருப்பதற்குப் பழைய காரணங்கள் உண்டு. 1940களின் பிற்பகுதியில் குர்லாவில் வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை எழுந்து டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைப் பூட்டி வெளியே விட்டது. பிரிவினைக்குப் பிறகு சயான் கோலிவாடாவில் குடியேறிய பஞ்சாபியர் பலர் லாரித் தொழிலுக்கு வந்தார்கள். வடாலாவில் டிரக் டெர்மினல் வந்தது. மாட்டுங்காவில் 1915 முதல் இயங்கும் ரயில்வே பட்டறை, தலைமுறை தலைமுறையாக ஃபிட்டர்களையும் வெல்டர்களையும் இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் குடியமர்த்தியது. குர்லாவிலிருந்து கலினா நோக்கிப் போகும் சி.எஸ்.டி. ரோட்டின் பழைய பாகக் கடைகள் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே உயிர்நாடி. புதுப் பாகத்தின் மொத்த வியாபாரம் ஆபரா ஹவுஸ் பக்கம்.

இதில் நம் தமிழ் ஆட்கள் அவ்வளவாகக் கவனிக்காத சேதி ஒன்று. குர்லா கவுண்டரில் வாங்கும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் தமிழ்நாட்டு முகவரி இருக்கும். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்; செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ்; கோவையில் ரூட்ஸ் ஹார்ன், பிரிகால் மீட்டர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பமும் அதன் வண்டியின் பாகமும் ஒரே மாநிலத்திலிருந்து வெவ்வேறு ரயிலில் கிளம்பி குர்லாவில் சந்தித்துக்கொள்கின்றன.

3. பாகத்தின் சாதிகள்

கடைக்காரர் வாயில் இரண்டே சாதி: ஒரிஜினல், லோக்கல். உண்மையில் ஆறு. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது, அதே பாகத்தை அந்தக் கம்பெனிக்குச் செய்துகொடுக்கும் ஆலை தன் சொந்தப் பெட்டியில் விற்பது, வண்டிக் கம்பெனியோடு தொடர்பில்லாத வேறு ஆலை தன் பெயரிலேயே விற்பது, புதுப்பித்தது, வண்டியிலிருந்து கழற்றிய பழசு, அடுத்தவன் பெயரைத் திருடி அச்சடித்த போலி. முதல் ஐந்தும் நேர்மையான வியாபாரம். ஆறாவது குற்றம். மூன்றாவதையும் ஆறாவதையும் சேர்த்து 'டூப்ளிகேட்' என்று ஒரே வசவில் அடக்கிவிடுவதால், தன் பெயரைப் போட்டுத் துணிந்து விற்பவனுக்கும் பெயரைத் திருடுபவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது.

என் மதிப்பில், சொந்த வண்டிக்காரர் முதலில் தேட வேண்டியது இரண்டாவது சாதி. உலோகம் அதே, அச்சு அதே, பெட்டி மட்டும் வேறு. ஆனால் எல்லாப் பாகமும் அப்படிக் கிடைத்துவிடாது. அதற்கான காரணத்தை 2014 ஆகஸ்டு 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் அளித்த ஆணை விளக்குகிறது. உதிரிபாகத்தையும் பழுதுநீக்கும் தகவலையும் வெளிச்சந்தைக்கு விடாமல் கட்டிவைத்தன என்று சொல்லி, டாடா, மஹிந்திரா உட்பட 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு கார்களைப் பற்றியது. ஆனாலும் பாகம் செய்யும் ஆலை அதைக் கடைக்கு நேரே விற்க விடாமல் தடுக்கும் ஒப்பந்தங்கள் அதில் அலசப்பட்டதால் டெம்போக்காரருக்கும் அது தொடர்புள்ள சேதி. வாரண்டி போய்விடுமோ என்ற பயம் வேறு. அமெரிக்காவில் 1975-ன் மேக்னஸன்–மாஸ் சட்டப்படி, வெளிப்பாகம் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்ய முடியாது. இங்கே வாரண்டி அட்டையைப் பொடி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் பானாவை (ஸ்பேனரை) கையில் எடுக்க வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க ஹோலோகிராம் மட்டும் போதாது. போலி செய்பவனுக்கு அதையும் அச்சடிக்கத் தெரியும். ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். வெளியே அசலுக்கும் போலிக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து. ஓடி முடித்த ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வாளால் அறுத்துத் திறந்து பார்த்தால் குட்டு வெளிப்படும். நல்லதில் காகித மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் நிற்கும். இரு முனையிலும் பசை சுற்றிவர ஒட்டியிருக்கும். அடியில் ஸ்பிரிங் வைத்த பைபாஸ் வால்வு இருக்கும். போலியில் மடிப்புகள் எண்ணிக்கையில் குறைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பசை விட்ட இடுக்கு வழியே எண்ணெய் வடிகட்டப்படாமலே போன கறுப்புத் தடம் தெரியும். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு. அறுக்கப் பத்து நிமிடம் ஆகும். எந்தக் கடையை நம்பலாம் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

பழைய பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கதவு, கண்ணாடிச் சட்டம், பம்பர், சீட், கியர்பாக்ஸ் உறை ஆகியவற்றைக் குர்லாவில் பழசாக வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. ஸ்டியரிங் ஜாயின்ட், பிரேக் சிலிண்டர், டயர், கமானி பிளேட் நான்கையும் பழசாக வாங்குவது, காசு கொடுத்து ஆபத்தை வாங்குவது. உலோகத்தின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது.

4. கமானி

மும்பை டெம்போவின் மேம்பாடு என்றாலே முதலில் கமானிதான். எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

4.1 வேலை நடக்கும் விதம்

சேஸிஸின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மரக்கட்டை முட்டுக் கொடுக்கிறார்கள். துருவேறிய நான்கு யு போல்ட்டுகளில் ஒன்றாவது பானாவுக்கு மசியாமல் கேஸ் கட்டருக்குப் போகும். சென்டர் போல்ட்டைக் கழற்றியதும் பிளேட்டுகள் சீட்டுக்கட்டாக விரிகின்றன. மெயின் பிளேட்டுக்கு அடியில் புதுசு ஒன்று. பல நேரம் அது வேறு வண்டியின் பழைய பிளேட்டை நீளம் வெட்டியது. வளைவு ஒத்துவராவிட்டால் உலையில் காய்ச்சி அடித்து வளைக்கிறார்கள். தவறு இங்கேதான். கமானி எஃகின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. காய்ச்சியதும் அந்தப் பதம் போய்விடும். ஆலையில் அதன் இழுபடும் முகத்தைக் குண்டுமணி இரும்பால் அடித்து இறுக்கியிருப்பார்கள். அந்தப் பலனும் போய்விடும். மறுபடி கோத்து, போல்ட்டை முறுக்கி, தரையில் இறக்கினால் வண்டியின் பின்பக்கம் இரண்டு விரல் உயர்ந்து நிற்கும். உரிமையாளருக்கு அதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி.

கொஞ்ச தூரம் ஓடியதும் பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து யு போல்ட் தளரும். திரும்பி வந்து மறுபடி முறுக்க வேண்டும். வாடகை கிடைத்த நாளில் யார் திரும்பி வருகிறார்கள்? தளர்ந்த யு போல்ட்டோடு ஓடும் வண்டியில் மெயின் பிளேட் சரியாக சென்டர் போல்ட் துளையில் முறியும். 'மட்டமான பிளேட்டைப் போட்டுவிட்டான்' என்று பழி மிஸ்திரி மேல் விழும்.

4.2 பளு போகும் இடம்

ஐந்து சம பிளேட் உள்ள கட்டில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 20 விழுக்காடு கூடும். அதே பாரத்துக்கு வண்டி முன்னைவிடக் குறைவாகத் தாழும், அவ்வளவுதான் நடந்தது. ஆக்ஸில் ஹவுசிங், ஹப் பேரிங், ரிம், டயர், சேஸிஸ் எதுவும் மாறவில்லை. ஆனால் ஓட்டுநரின் கண்ணில் இருந்த அளவுகோல் போய்விட்டது. முன்பு பின்பக்கம் அமுங்கியதைப் பார்த்து 'போதும்' என்று மூட்டை ஏற்றும் ஹமாலியை நிறுத்தியவர், இப்போது இன்னும் நான்கு மூட்டைக்கு இடம் இருக்கிறது என்று நினைக்கிறார். கமானி தாங்குகிறது, ஹப் பேரிங் ஊளையிடுகிறது. பேரிங்கை மாற்றினால் அடுத்து ஷாக்கல் மாட்டிய இடத்தில் சேஸிஸ் கீறும்.

காலி வண்டியில் இன்னொரு கேடு. விறைத்த கமானி சிறு பள்ளத்துக்கும் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து எகிற வைக்கும். எகிறிய சக்கரம் பிரேக் பிடித்ததும் பூட்டிக்கொள்ளும். மழைக்கால ரோட்டில் வண்டி பக்கவாட்டில் வழுக்க இது போதும்.

இதைவிட நுட்பமானது, பிக்கப் வகை வண்டிகள் பலவற்றில் இருக்கும் எல்.எஸ்.பி.வி. என்ற வால்வு. சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு கம்பியால் இணைந்திருக்கும். பாரம் ஏறி இடைவெளி குறைந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். காலியாக இருந்தால் குறைக்கும். கூடுதல் பிளேட்டால் பின்பக்கம் உயர்ந்த வண்டியில் இந்த வால்வு ஏமாந்துபோகிறது. முழுப் பாரம் ஏறியிருக்கும்போதும் 'பாரம் குறைவு' என்றே கணக்கிட்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. பாரத்துக்கென்று செய்த மேம்பாடு, பாரம் இருக்கும்போது பிரேக்கைப் பறித்துக்கொள்கிறது. பிளேட் கூட்டிய பிறகு இந்த வால்வின் கம்பியை மறுபடி அளவு வைக்காத பட்டறைக்கு அந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

4.3 டயரும் ரோடும்

டயரில் பக்கச்சுவர் எழுத்துகளைப் படிப்பதே பாதிப் பராமரிப்பு: ஐ.எஸ்.ஐ. முத்திரை, பாரக் குறியீடு, வாரமும் ஆண்டும் சொல்லும் நான்கு இலக்கம். பெரிய டயர் போட்டால் வண்டி எடுப்பாகத் தெரியும். விட்டம் 8 விழுக்காடு கூடினால் ரோட்டில் கிடைக்கும் இழுவை 7 விழுக்காட்டுக்கு மேல் குறையும். 16 குதிரைத்திறன் வண்டியில் அது முழுக்க கிளட்ச் பிளேட் தலையில் விழும். சயானிலிருந்து குர்லாவரை ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் ஏற்கெனவே பாவப்பட்ட பாகம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட விதி, ரோட்டின் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது. பாரம் 20 விழுக்காடு கூடினால் சேதம் இரு மடங்கு. அளவு மீறிய வண்டி ரோட்டை உடைக்கிறது. உடைந்த ரோடு கமானியை உடைக்கிறது. உடைந்த கமானிக்கு இன்னொரு பிளேட். தாராவியின் 90 அடி ரோட்டில் இதற்கு விளக்கப்படம் தேவையில்லை.

5. பிரேக்

மும்பை டெம்போவுக்கு நகருக்குள் பிரேக் தேயும், மலையில் பிரேக் போகும். இரண்டும் வெவ்வேறு நோய். புனேயிலிருந்து செம்பூர் திரும்பும் வண்டி போர் காட் மலைப்பாதையில் கண்டாலாவிலிருந்து கோபோலிக்குள் ஏறத்தாழ 500 மீட்டர் இறங்குகிறது. மொத்த எடை 1,550 கிலோ உள்ள வண்டி இழக்கும் நிலையாற்றல் சுமார் 76 லட்சம் ஜூல். 26 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். கியரைக் குறைத்து இறங்கினால் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் காற்றோடு போகும். மிச்சம் டிரம்மிலும் லைனரிலும் இறங்கும். மலிவு லைனர் சூடேறியதும் வழவழத்துவிடும்.

அதற்கடுத்துக் கொதிப்பது பிரேக் ஆயில். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ்வரை தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பின் அதன் குறைந்தபட்ச வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு முறையே 230, 155. இந்த ஆயில் இயல்பிலேயே காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மும்பைக் காற்றில் ஈரத்துக்கா குறைச்சல்? வண்டியில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பாதுகாப்பு, புத்தகத்தில் அனுமதித்திருந்தால் டாட் 4 ஊற்றுவதும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஆயிலை முழுக்க வடித்து மாற்றுவதும்தான். ஆனால் பத்து வண்டியில் ஒன்பது வண்டிக்குக் குறைந்த ஆயிலை 'டாப்–அப்' செய்வதோடு சரி. முழு ஆயிலையும் மாற்றும் செலவோ ஸ்டிக்கர் ஒட்ட ஆகும் செலவைவிடக் குறைவு.

6. விளக்கும் கம்பியும்

ஹெட்லைட்டுக்கான எச்4 பல்பு 60/55 வாட். கடையில் 100/90 கேட்காமலே எடுத்து நீட்டுவார்கள். 12 வோல்ட்டில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர், 100 வாட்டுக்கு 8.3 ஆம்பியர். கம்பியில் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறுவதால் அது ஏறத்தாழ 2.8 மடங்கு. ஆலை போட்ட ஒல்லிக் கம்பியும் டேஷ்போர்டு ஸ்விட்சும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் ஸ்விட்ச் இளகும், பிறகு பல்பு ஹோல்டர் பழுப்பேறும், கடைசியில் 'ஷார்ட் ஆயிடுச்சு' என்பார்கள். ரிலே வைத்துத் தடித்த கம்பி இழுத்தால் சூட்டுப் பிரச்சினை தீரும். எதிரே வருபவரின் கண் கூசுவது தீராது, அபராதமும் தீராது. மங்கிய ரிஃப்ளெக்டரை மாற்றி, எர்த் முனையின் துருவைச் சுரண்டி, கண்ணாடியைத் துடைத்தால் 60 வாட்டே போதும் என்பது என் கட்சி.

ஹார்னைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. பல சுர ஹார்னை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி தடுக்கிறது. லாரிப் பின்புறத்தின் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' வாசகத்தையே 2015-ல் மகாராஷ்டிர அரசு தடைசெய்துவிட்டது. முன்பக்க இரும்புக் கிராஷ் கார்டை 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் சட்டவிரோதம் என்றது. பலவீனம் இடம் மாறுவதற்கு அதைவிட நேரடியான எடுத்துக்காட்டு கிடையாது: வண்டியின் முகத்தில் நசுங்கித் தணிய வேண்டிய அதிர்ச்சி நேரே சேஸிஸுக்கும் எதிரே நடந்து வந்தவரின் எலும்புக்கும் போகிறது.

7. மழையும் உப்பும்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவு செய்தது. மித்தி ஆறு குர்லாவையும் தாராவியின் ஓரத்தையும் மூழ்கடித்தது. அப்படியொரு நாள் திரும்ப வேண்டாம். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர் நிற்க ஒரு சாதாரண ஜூலை மழை போதும். காற்றுக் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அமுங்காத தண்ணீரோடு பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது பின்னால் நடப்பது. ஓடிச் சூடேறிய பின் ஆக்ஸில் ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மேலே இருக்கும் சுண்டுவிரல் தடிமன் பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரவுன் ஆயில் மோர் நிறத்துக்கு மாறும். அடுத்த தீபாவளிக்குள் பேரிங் போகும். அந்தப் பிரீதரில் ஒரு மீட்டர் ரப்பர் குழாய் மாட்டி, பாடித் தளத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டினால் வேலை முடிந்தது. இந்தக் கட்டுரையில் நான் மனமார ஆதரிக்கும் மேம்பாடுகளில் மிக மலிவானது இது.

கீழே தார் பூச்சு அடிப்பதை அவ்வளவு சுலபமாக ஆதரிக்க முடியவில்லை. கடற்காற்றின் உப்பும் டிராம்பேயின் ஆலைக் காற்றும் தகட்டைத் தின்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே துருப்பிடித்த இடத்தில், ஈரம் காயாமல், வடிகால் துளைகளையும் அடைத்துப் பூசினால் துரு வெளியே தெரியாமல் உள்ளே ஓடும். மீன் கூடையும் பூக்கூடையும் ஏற்றும் வண்டியில் தளத்தின் ரப்பர் விரிப்புக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். விரிப்பைத் தூக்கிக் கழுவி, துளையில் கம்பி விட்டு அடைப்பு எடுத்த பிறகே எந்தப் பூச்சும்.

8. எரிவாயு மாற்றம்

மும்பையில் இதற்கு நீதிமன்ற வரலாறு உண்டு. 2001 அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றம் புகை வழக்கில் இட்ட ஆணை, பழைய வாடகை வண்டிகளை சி.என்.ஜி. பக்கம் தள்ளியது. சட்டம் அனுமதிக்கும் பெரிய மாற்றம் இதுதான். 2022 ஆகஸ்டில் பி.எஸ். 6 பெட்ரோல் வண்டிகளுக்கும், 3.5 டன்னுக்குக் குறைந்த டீசல் வண்டிகளில் எஞ்சினையே மாற்றுவதற்கும் வழி திறந்தது. கிட் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். 200 பார் அழுத்தத்தில் வாயுவைத் தாங்கும் சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எரிபொருள் செலவு குறையும். ஆனால் 60 லிட்டர் இரும்புச் சிலிண்டரே 60 கிலோவை ஒட்டி வரும். 750 கிலோ வரம்பில் அது ஒரு ஆள் எடை. இந்தக் கழிவைக் கணக்கில் எழுதாமல் மிச்சத்தை மட்டும் எழுதுகிறவர்கள் மறுபடி நான்காம் பகுதியின் கமானிக்குத்தான் வந்து சேருவார்கள்.

9. சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம் 182ஏ(4)-ஐச் சேர்த்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். கூடுதல் பாரத்துக்கு 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும் மிகைப் பாரத்தில் டன்னுக்கு 2,000 ரூபாயும். கூடுதல் பிளேட் போட்டதைப் பதிவுப் புத்தகம் அறியாது. புத்தகத்தில் உள்ள எடை அப்படியேதான் இருக்கும். எடைமேடையில் ஏறிய பிறகு 'கமானி தாங்கும் சார்' என்ற வாதம் எடுபடுவதில்லை.

இதே 52-ஆம் பிரிவில் யாரும் பேசாத ஓர் உட்பிரிவு இருக்கிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவர், எஞ்சினை அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினால் மாற்றிக்கொள்ள, பதிவு அதிகாரியின் முன் அனுமதி தேவையில்லை என்று மாநில அரசு சலுகை தரலாம். ஒற்றை வண்டிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. பத்து வண்டிக்காரருக்கு ஒன்று நின்றால் ஒன்பது ஓடும். ஒன்றே ஒன்று உள்ளவர்தான் வண்டி நிற்கும் நாளுக்கு அஞ்சுகிறவர், அவருக்குத்தான் காத்திருப்பும் அதிகம். சட்டம் இங்கே தலைகீழாக நிற்கிறது என்பது என் கருத்து.

ஆதலால் குர்லாவில் பழைய எஞ்சின் வாங்கும் ஒற்றை வண்டிக்காரர் காகிதத்தில் கறாராக இருக்க வேண்டும். எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்று எஞ்சின் எண்ணோடு எழுதிய பில், விற்றவரின் கையெழுத்து, முடிந்தால் அந்த வண்டி உடைக்கப்பட்டதற்கான சான்று. திருட்டுச் சொத்தை அறிந்தே வாங்கிய குற்றம் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் வருகிறது; 'அறியாமல் வாங்கினேன்' என்று சொல்வதற்கு அந்த பில்தான் கையில் இருக்கும் ஆதாரம். பிறகு ஆர்.டி.ஓ.வில் அனுமதி, எஞ்சின் எண்ணின் பென்சில் பிரதி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம். எட்டு வயதைத் தாண்டிய போக்குவரத்து வண்டிக்கு ஃபிட்னெஸ் ஆண்டுதோறும் உண்டு. புத்தகத்தில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணும் இருந்தால் அந்த வண்டி பரிசோதனை வரிசையிலிருந்து நேரே பட்டறைக்குத்தான் திரும்பும், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும்.